முப்பது தோட்டாவும் சிக்கவில்லை

சிவகாசி,
திங்கட்கிழமை

அன்புள்ள எழிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம், அந்த ஊர்க் குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். உள்ளே ஒரு காகிதம் மடித்து வைத்திருக்கிறேன், முழுதும் படித்த பிறகு பிரி.

அந்தப் பழைய ரைஃபிள் விஷயம்தான். காரியாபட்டி வேலுச்சாமி பன்றி விரட்ட வைத்திருந்து, கண் மங்கியதும் விற்ற பாயின்ட் டூ டூ, சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. லைசென்ஸுக்காக நான் பதினோரு மாதம் கலெக்டர் ஆபீஸுக்கும் ஸ்டேஷனுக்கும் நடந்தது உனக்குத் தெரியும். வாங்கும்போது யார் பேச்சையும் நம்பவில்லை. குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தேன், நம்பரைக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தேன், நான் சேர்ந்திருக்கும் ரைஃபிள் கிளப் மைதானத்தில் பத்துத் தோட்டா சுட்டுக் காட்டச் சொன்னேன். பத்தும் தடங்கலில்லாமல் போயின. ஆனால் போன மாதத் தேர்வுச் சுற்றில் என் கையில் அது ஆறு முறை சிக்கியது. வெற்றுக் கூடு வெளியே விழாமல் அங்கேயே மாட்டி நின்றது. இருபது நிமிடத்தில் முப்பது சுட வேண்டும், பத்தொன்பதோடு நேரம் முடிந்துவிட்டது. கிளப் செயலாளர் மகேஷ்குமார் எல்லோர் முன்னாலும், “டீச்சர், இது பன்னியப் பாத்த துப்பாக்கி, டார்கெட் பேப்பரப் பாத்தா வெக்கப்படுது” என்றார். மாநிலப் போட்டிக்குப் போகும் பெண்கள் அணியில் ஒரே இடம்தான் மீதி, எனக்கு இன்னும் ஒரே வாய்ப்பு. நீயும் “வித்துரும்மா, ஒனக்கு எதுக்கு இதெல்லாம்” என்றாய்.

வேலுச்சாமி கையிலிருந்து வந்த அன்று ஓடியது நம் வீட்டுக்கு வந்த பிறகு ஏன் ஓடவில்லை என்று யோசித்தேன். அப்படியானால் கோளாறு நம் வீட்டில்தான். கழற்றிப் பார்த்தால் உள்ளே பிரஸ் மை மாதிரிக் கறுப்பாகக் கெட்டியாக ஒரு பசை. காரணம் உன் அப்பா. நான் சுட்டுவிட்டு வரும்போதெல்லாம் அதில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி வைத்திருக்கிறார். கேட்டால், “மருந்து பட்ட எடத்தக் காய விடக்கூடாது கற்பகம், காஞ்ச மருந்துதான் ஆளக் கொல்லும்” என்கிறார். முப்பது வருடம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன், கழிவு மருந்தை ஈரத்திலேயே வைத்துப் பழகிய கை. இதில் இருப்பது எரிந்து முடிந்த கரி, எண்ணெய் பட்டால் பசையாகத்தான் ஆகும். கெமிஸ்ட்ரி நடத்துகிற நானும் மருந்து என்றதும் அவர் பேச்சைக் கேள்வி கேட்காமல் விட்டேன், அது என் தப்பு.

பிறகு உட்கார்ந்து சுத்தம் செய்தோம். மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று நான் பார்த்தது போதாதென்று அப்பா இன்னொரு முறை பார்க்கச் சொன்னார், அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். துணி, பித்தளைப் பிரஷ் எல்லாம் போட்டும் கூட்டை இழுக்கும் கொக்கிக்கு அடியில் இருந்த அழுக்கு வரவில்லை. ஊசியை எடுத்தேன், கையிலிருந்து பிடுங்கிவிட்டார், பொறி பறக்கும் என்று கம்பெனிக்குள் இரும்பு ஆகாதாம். மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவிக் கொடுத்தார். அந்தச் சந்துக்கென்றே செய்த மாதிரி போய் மொத்த அழுக்கையும் வழித்துக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரே சொட்டு எண்ணெய், அதையும் துடைத்துவிட்டேன். “இம்புட்டுக் காய விட்டுட்டியே” என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

நேற்று சுட்டேன் எழில். முப்பது தோட்டா, ஒன்றுகூடச் சிக்கவில்லை, மூன்று நிமிடம் மிச்சம். முந்நூறுக்கு இருநூற்று எழுபத்தொன்று. மகேஷ்குமார் குறி அட்டையை இரண்டு முறை எண்ணிவிட்டு, “டீச்சர், இனிமே பன்னிக பாடுதான் பாவம்” என்றார். பொதுவாக நான் இதற்கெல்லாம் சிரிப்பதில்லை, நேற்று சிரித்தேன். வேலிக்கு வெளியே நின்ற உன் அப்பா சத்தத்தை வைத்தே எண்ணியிருக்கிறார். “முப்பது. ஒண்ணுகூட நமுக்கல” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நமுக்க வைக்கப் பார்த்தது யார் என்று நான் கேட்கவில்லை. மூங்கில் சிம்பு அவருடையது.

இப்போது அந்தக் காகிதத்தைப் பிரி. அணிப் பட்டியலின் நகல், நான்காவது பெயர் யாருடையது என்று பார்த்துவிட்டு, விற்கச் சொன்ன வாயால் ஒரு வார்த்தை எழுது. குலசாமி துணையிருக்க, எந்தக் குறையுமில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். பழைய சைக்கிள் வாங்கியிருப்பதாகச் சொன்னாயே, செயினுக்கு எண்ணெய் விடுவதற்கு முன்னால் அழுக்கைத் துடை. அப்பாவிடம் மட்டும் யோசனை கேட்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
கற்பகவல்லி