ட்ரெவர் வாங்கிய இலைக்கட்டு

ஜூன் 4, செவ்வாய்
காலை முழுக்க ட்ரெவருக்கு மொழிபெயர்ப்பு. எங்கள் கிரிவினாத் தீவின் பொருளாதாரத்தைச் சீர்செய்ய பிரிஸ்பேனிலிருந்து வந்திருக்கும் மேதை. அக்கா இலகேசியும் நாலு பெண்களும் காய்ந்த வாழையிலையைச் சுரண்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் மாமாவின் சாவுக் கொடை.
"இதை வெச்சு என்ன பண்ணுவீங்க?" என்றான்.
"மாமாவுக்காக அழுதவங்களுக்குக் குடுப்போம்," என்றாள் அக்கா.
"அவங்க?"
"அவங்க வீட்டுச் சாவுல நமக்குக் குடுப்பாங்க."
தாளில் எழுதினான்: 'ஐவர். வேலையில்லை.'

ஜூன் 5
செத்தால் யார் வருவார்கள், விளைந்த கிழங்கை யார் யாருக்குத் தருவார்கள் – அவன் கேள்வித்தாளில் அதற்கு இடமே இல்லை. முட்டாள். அவனுக்கு வாயை வாடகைக்கு விட்ட நான் மட்டும் என்ன? மாமா எனக்கும்தானே மாமா? ஒரு கட்டு கட்டினேனா?

ஜூன் 11
ட்ரெவரின் அப்பா இறந்துவிட்டார். வெள்ளிக்கிழமைதான் விமானம். தகவல் வந்த பிறகும் மூன்று வீடுகளில் கேள்வி கேட்டான். மனிதனா, மரக்கட்டையா?

ஜூன் 12
அக்காவும் மற்றவர்களும் கட்டுகளைத் தலையில் சுமந்து அவன் தங்கும் வீட்டுக்கு வந்தார்கள்.
"உங்களை வெட்டின்னு எழுதினவனுக்கா?" என்று கத்தினேன்.
"எழுதட்டும்டி. அப்பன் செத்தா மகன் அழணும். அழுறவனுக்கு அப்பனோட சனம் குடுக்கணும். அந்தச் சனம் கடலுக்கு அந்தப் பக்கம். நாங்க இருக்கோம்ல?"
அவன் கட்டுகளைப் பார்த்தான். "இதுக்கு நான் எவ்வளவு குடுக்கணும்?"
தூ!
அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? "எனக்கு இங்க யாருமில்லைன்னு சொல்றான்," என்றேன். பெண்கள் அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள்.
"என்ன சொன்னே?" என்றான். நான் மாற்றிச் சொன்னதை அப்படியே சொன்னேன். கோபிக்கவில்லை. மெல்லத் தரையில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக அழுதான். அப்போதும் அவன்மேல் மரியாதை வரவில்லை. இகழவும் முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

ஜூன் 14
பாதித் துணியை எடுத்துப் போட்டுவிட்டுக் கட்டுகளைப் பெட்டியில் அடைத்திருந்தான்.
"அங்க இலைதழையை உள்ள விடமாட்டாங்க, இறங்கினதும் பிடுங்கிடுவாங்க," என்றேன்.
"என்னன்னு எடுத்துச் சொல்றேன்."
சொல்லிக் கிழிப்பான்.

ஜூலை 9
அவன் திரும்பவில்லை. அவன் இடத்துக்கு இன்னொரு மேதை, அதே தாளோடு. மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். முடியாது என்றேன்.
மதியம் என் முதல் கட்டை அக்கா எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாள். "எலி கூடு கட்டுன மாதிரி இருக்குடி!"
சிரித்தார்கள். அவிழ்த்து, மறுபடி கட்டினேன்.