கடல் என்று என்னைப் பாடுகிறவன்

8, செவ்வாய்

பேய்க் காற்று. காயப்போட்ட சேலை இரண்டு தடவை சாக்கடைக் கானுக்குள் விழுந்தது.

பார்மசியில் சரியான கூட்டம். மதியம், அங்கே என்னோடு வேலை செய்யும் றிசானா ஃபோனைக் காதருகே நீட்டினாள். "ஒன்ட கடல் பாட்டு புதுசா ஒன்னு வந்திருக்கு புள்ள."

முரளியின் பாட்டு. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லய வீட்டு வரிசை, கோயில் இசைக்குழுவில் பாடுகிறவன். இது நான்காவது. "நீலக் கடலே, நெருங்க விடமாட்டே. நொரையாக் கரையில நான் காஞ்சு போறேன்."

போகட்டுமே. மலை மேல் பதுளையில் கடலாம்! கண்ணால் பார்த்திருக்கிறானா? நான் பார்த்தேன், பள்ளிக்கூடச் சுற்றுலாவில், திருகோணமலை. வழியெல்லாம் வாந்தி. சப்பாத்துக்குள் மணல்.

பாட்டில் என் பெயர் இல்லை. "மருந்துக்கடை வாசல்" மட்டும் வருகிறது. தோட்டத்துக்கு அது போதாதா? இத்தனை வருடம் ஒரே பஸ். என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நிலத்தைப் பார்ப்பான், பிறகு பாட்டில் உருகுவான்.

வாங்க: குளிக்கச் சவர்க்காரம், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை, கிளிப்.

11, வெள்ளி

அப்புத்தளையிலிருந்து எனக்கு வந்திருந்த கல்யாணச் சம்பந்தம் முறிந்தது. தரகர் தேத்தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். "அவங்க அந்தப் பாட்டைக் கேட்டுட்டாங்கம்மா. ரெண்டு பேருக்கும் ஏதோ இருக்குன்னு நெனைக்கிறாங்க."

அம்மா திட்டியது என்னைத்தான். "நீ சிரிச்சிருப்ப, அவன் பாடியிருப்பான்."

மாப்பிள்ளை போனதில் வருத்தமில்லை. பல் குத்திக்கொண்டே பேசிய ஆள். ஆனால் வேண்டாம் என்று நானல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

13, ஞாயிறு

தூறல். கோயிலடியில் முரளி தனியாக ஸ்பீக்கர் வயர் சுற்றிக்கொண்டிருந்தான். நேரே போனேன்.

"கடல் நான்தானே?"

"அது... கற்பனைங்க."

"மருந்துக்கடையும் கற்பனையா? ஒங்க பாட்டால எனக்கு வந்த சம்பந்தம் நின்னு போச்சு. சரி, நீங்களே கட்டிக்கிறீங்களா? இன்னைக்கே வந்து அம்மாகிட்ட கேளுங்க."

முகம் வெளுத்தது. வயரைச் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

"இல்லீங்க... தூரத்துல இருந்து நெனைச்சாத்தாங்க பாட்டு. நீங்க வீட்டுக்கே வந்துட்டா..."

"வந்துட்டா?"

"பாட வராதுங்க."

கிடைக்காத காதலாம். கேட்டால்தானே கிடைக்க!

"ஃபோன்ல போட்ட எல்லாப் பாட்டையும் எடுத்துருங்க."

தலையாட்டினான். அதற்கு மட்டும் உடனே.

14, திங்கள்

எடுத்துவிட்டான். றிசானா தேடிப் பார்த்தாள். "ஒன்னுமே இல்ல புள்ள." குரலில் கவலை வேறு.

பஸ்ஸில் முன் கதவால் ஏறி டிரைவர் பக்கம் ஒண்டிக்கொண்டான். கோழை.

இங்கே மட்டும் எழுதுகிறேன். கட்டிக்கிறீங்களா என்று கேட்டது அவன் மூஞ்சியில் கரி பூசத்தான். ஆனால் அவன் வயரோடு தடுமாறிய நேரம் முழுக்க, சரி என்று சொல்லிவிடுவானா என்று மூச்சைப் பிடித்து நின்றேன். சொல்லியிருந்தால் அவனோடு போயிருப்பேன். சீ.