புக்கு இல்லாத லிஃப்ட்

வியாழன், உறையூர்.

"புக்கு இல்லாத மெஷினுக்கு அடியில எவன்டி போவான்? பேசாம எடைக்குப் போட்டுடு." கம்பெனிக் கையேடு இல்லாமல் நான் வாங்கிவந்த பழைய கார் லிஃப்டைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் சொல்வது இது. எண்ணெய் கசிந்த சிலிண்டர் சீலை நான்காவது முறையாக மாற்றி, நேற்று மாலை என் காரையே ஏற்றினேன். அது நின்ற உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டேன். போன தடவை விடிவதற்குள் இரண்டு விரல் இறங்கியிருந்தது. இன்று காலை மயிரிழைகூட இறங்கவில்லை. பூட்டுக் கம்பியைச் செருகிவிட்டு நானே அடியில் போய் ஆயில் மாற்றினேன். பட்டறை வாசலிலேயே நின்று அண்ணன் பார்த்தான். சாயங்காலம் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"இதுக்கும் ஆயில் மாத்திக் குடேன்."

"புக்கு வரட்டும்ணே," என்றேன்.

கார் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. நிற்கட்டும்.