இன்னொரு பாதிச் சாவி

செவ்வாய்க்கிழமை, பங்குனி

கரண்ட் போய் வந்ததிலிருந்து எங்கள் மிளகாய் விற்கும் வெப்சைட் திறக்கவில்லை. மகன் பாண்டி வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே அமைத்துக் கொடுத்தது. கம்ப்யூட்டருக்குள்ளேயே தனித்தனிப் பெட்டி மாதிரிப் பிரித்து வைப்பதைக் கன்டெய்னர் என்பான். கடை ஒரு கன்டெய்னருக்குள், பாஸ்வேர்டெல்லாம் பூட்டிய வேறொரு கன்டெய்னருக்குள். மெஷின் நின்று எழுந்தால் நானும் அவனும் ஆளுக்குப் பாதிச் சாவி போட்டால்தான் பூட்டு திறக்கும்; சாவி என்றால் நீளமாக டைப் அடிக்கிற ரகசிய எழுத்துகள்தான். "ஒரு பாதி திருடு போனாலும் பயமில்லய்யா" என்றான். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்ட எனக்கே புரிந்தது.

போன மாதம் அவனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், "இவன் கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்டான், உங்க பொண்ணு ரெண்டாந்தாரம்" என்று நானே சொல்லி நானே சிரித்தேன். சம்பந்தம் போயிற்று. அவனும் சென்னைக்குப் போய்விட்டான். அதிலிருந்து பேச்சில்லை.

"சிரிப்புக் காட்டுனது போதும், போனப் போடுங்க" என்றாள் வீட்டுக்காரி. போட்டேன். அடித்து ஓய்ந்தது. அவள் போட்டதும் எடுத்தான்.

"இந்தா, அய்யாகிட்ட தாரேன்."

"வேணாம்மா. மெசேஜ்ல அனுப்புறேன்."

பக்கத்தில்தான் நின்றேன். கேட்டது.

அவன் பாதியும் வந்தது, கூட ஒரு வார்த்தை இல்லாமல். போட்டதும் கடை திறந்துவிட்டது. இப்போது இரண்டு பாதியும் என்னிடமே இருக்கிறது. இனி கரண்ட் போனாலும் அவனைக் கூப்பிட வேண்டியதில்லை.