மணலைத் திருப்பிப் போடும் உத்தரவு

25 நவம்பர் 1957, திங்கள்

மழை. காஜா பேராங்கில் ஏழு மணி பஸ் ஏறி, பத்து பெரெண்டாமில் இருக்கும் ரப்பர் கம்பெனி ஆபீசுக்கு ஏழு முப்பத்தெட்டுக்கு வந்தேன். துரை சனிக்கிழமை சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டார். புது மேனேஜர் வரும்வரை நான்தான் பொறுப்பு என்று சிங்கப்பூர் தலைமை ஆபீஸ் மூன்று வரியில் எழுதியிருக்கிறது. எனக்கு அறுபத்தொரு வயது. முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதும் கிராணி வேலை. ஏன் நான்? வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

துரையின் அறையில் உட்காரவில்லை. என் மேஜையிலேயே இருந்தேன்.

28 நவம்பர், வியாழன்

அவமானம். வேலிக் கம்பி ஃபைலில் வழக்கம்போல் குறிப்பு எழுதி, ‘உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டு, துரையின் மேஜைத் தட்டில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வைத்தது. இன்று ஸ்டோர் பார்க்கும் தெய்வநாயகம் அதை எடுத்துவந்து என் முன்னால் போட்டார். அவர் எங்கள் பக்கத்துக் கிராமமான செட்டி கம்பத்துக்காரர். பெயர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய். “யாருக்குச் சமர்ப்பித்தீர்கள்?” என்று மலாயில் கேட்டார். துரையின் அறையைப் பார்த்தேன். “சியாப்பா லாகி?” என்று என் சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டினார். வேறு யார்?

சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

2 டிசம்பர், திங்கள்

மாதத்தின் முதல் திங்கள். தண்ணீர் வடிகட்டும் மணல் தொட்டியைச் சுரண்டும் நாள். மேலே படிந்த அழுக்கு மணலை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துக் கழுவிக் குவிப்பார்கள். கம்பெனியின் ரப்பர் ஆலைக்கும் வேலையாட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கும் அந்தத் தொட்டித் தண்ணீர்தான்.

நாலு மணிக்கு, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நடராஜன் ஒரு தாளோடு வந்தார். அஞ்சலை என்பவளின் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்ட வேண்டும். வேலை நடுவில் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, இனிமேல் சுரண்ட மாட்டேன் என்றாளாம்.

“ஏன் மாட்டேன் என்றாள்?”

“காரணமெல்லாம் எதுக்குங்கய்யா? இன்னிக்கி ஒருத்தி எதுத்துப் பேசுவா, நாளைக்கி நாப்பது பேரும் பேசுவாங்க. சொதந்தரம் வந்தாலும் வந்தது, எல்லாருக்கும் வாய் நீண்டு போச்சு. ஒரு கையெழுத்து. தொர இருந்தா பாக்காமலே போட்டிருப்பாரு.”

உண்மை, பாராமலே போடுவார். நான்தான் தாளை நீட்டுவேன்.

பேர் வெட்டினால் மாதக் கடைசியில் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றேன். மண்டோர் என்னைப் பார்த்த பார்வை!

4 டிசம்பர், புதன்

சிங்கப்பூருக்கு எழுதினேன். இரண்டு பக்கம், நாலு இணைப்பு. பதில் வரும்வரை அஞ்சலைக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று மண்டோரிடம் சொல்லிவிட்டேன். நியாயமான ஏற்பாடுதானே?

5 டிசம்பர், வியாழன்

நியாயமில்லை. வேலை இல்லை என்றால் பேர் வெட்டியது மாதிரிதான்; மாதக் கடைசியில் பேரும் அறையும் தானாகவே போய்விடும்.

12 டிசம்பர், வியாழன்

அஞ்சலை வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். விதவை, பதினெட்டு வருஷ வேலைக்காரி. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“மம்பட்டி போட்டா அடியில சரளை தட்டுதுங்கய்யா. மணலே இல்லாம தண்ணி எதுல வடியும்? அதத்தான் கேட்டேன். கழுவுன மணலு அங்க மலையாட்டம் கெடக்கு. முன்னெல்லாம் தொர வந்து நின்னு ‘போடு’ன்னு ஒரு சத்தம் போடுவாரு, நாங்க அள்ளித் தொட்டியில போடுவோம். போன வருசம் தீவாளிக்கு அப்பறம் அந்தச் சத்தமே இல்ல. மண்டோரு சொரண்டு சொரண்டுங்குறாரே தவிர, போடுன்னு சொல்ல மாட்டேங்குறாரு.”

“ஏன் சொல்லவில்லை?”

“அத நீங்கதான் அவரக் கேக்கணும். நான் கேட்டதுக்குத்தான் இந்த கதி.”

தலைமை ஆபீசுக்கு எழுதியிருக்கிறேன் என்றேன். “எழுதுங்க ஐயா” என்றாள். அதில் கேலி இருந்ததா என்று தெரியவில்லை. இருந்திருக்கும்.

13 டிசம்பர், வெள்ளி

பதிவேட்டைப் புரட்டினேன். சுரண்டிய தேதி ஒன்றுகூட விடுபடவில்லை, அழகான கையெழுத்து. திருப்பிப் போட்ட தேதி ஒன்றுகூட இல்லை, அதற்குப் பத்தியே கிடையாது. சுரண்டுவதற்கு எழுத்தில் உத்தரவு இருக்கிறது. திருப்பிப் போடுவதற்குத் துரையின் வாய்தான் உத்தரவு. போன வருஷமே அவர் மனம் ஊருக்குக் கிளம்பிவிட்டது. பதினாலு மாதமாக மண்டோர் அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கிறார்.

அந்தப் பதிவேட்டில் கோடு போட்டவன் யார்? இருபது வருஷமாக நான்.

20 டிசம்பர், வெள்ளி

பதில் இல்லை.

26 டிசம்பர், வியாழன்

பதில் இல்லை. என் மனைவி கமலவேணி சோறு போடும்போது கேட்டாள்: “அந்தப் பொம்பள சொல்றது சரியா தப்பா? அத மொதல்ல சொல்லுங்க.”

“போய்ப் பார்த்தால்தான் தெரியும்.”

“தொட்டி எவ்வளவு தூரம்?”

என் மேஜையிலிருந்து இருநூறு கஜம். சொல்லவில்லை.

31 டிசம்பர், செவ்வாய்

அஞ்சலை லயத்தைக் காலி செய்தாள். ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாட்டுவண்டியில் இரண்டு பாய், அண்டா, சுவாமி படம், காலைக் கட்டிய கோழி ஒன்று. உஜோங் பாசிரில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாளாம். அவள் ஆபீஸ் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு தாளில் இரண்டு வரி எழுதினால் அந்த வண்டியை நிறுத்தியிருக்கலாம். பேனா என் பையில்தான் இருந்தது. என்ன மனுஷன்டா நீ —

2 ஜனவரி 1958, வியாழன்

சிங்கப்பூர் பதில் வந்தது. ஒரே வரி. ‘அந்த இடத்துப் பொறுப்பாளரே தீர்மானிக்கலாம்.’

தெய்வநாயகம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இந்தத் தடவை என் பொத்தானைத் தொட்டுக் காட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

6 ஜனவரி, திங்கள்

மணலில் கோலைக் குத்திக் குத்திக் கை வலிக்கிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

மறுபடி சுரண்டும் நாள். ஆறு மணி பஸ்ஸில் போனேன். தண்ணீரை வடித்திருந்தார்கள். பெண்கள் பன்னிரண்டு பேர், மண்டோர், நான். நான் கோடு போடும் அடிக்கோலை எடுத்துப் போயிருந்தேன். சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டித் தொட்டிக்குள் இறங்கினேன். யாரோ ஒருத்தி, “ஐயோ, பெரிய கிராணி நாத்து நட எறங்கிட்டாரு” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். காது சுட்டது.

ஒன்பது இடத்தில் அளந்தேன். ஓரத்தில் கோல் முழுவதும் இறங்கியது. நடுவில் ஆறு அங்குலத்தில் சரளையில் முட்டி நின்றது. மூன்றடி இருக்க வேண்டிய மணல்.

துரையாக இருந்தால் கத்தியிருப்பார். அவர் கத்தினால் அதிலேயே உத்தரவும் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. எனக்குக் கத்த வராது. மண்டோரைப் பக்கத்தில் கூப்பிட்டு, “நீங்களே பாருங்கள்” என்று கோலைக் கொடுத்தேன். குனிந்து குத்திப் பார்த்தார். இரண்டாவது இடம், மூன்றாவது இடம். நிமிரும்போது முகம் வேறு மாதிரி இருந்தது.

“தொர சொல்லலியேங்கய்யா” என்றார், மெதுவாக. “அவரு சொல்லாம நான் எப்பிடிப் போடச் சொல்றது?”

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அது நான் பேச வேண்டிய வசனம்.

“இன்றைக்குச் சுரண்ட வேண்டாம். குவியலைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். நான் சொல்கிறேன்.”

என் குரல் கரைவரைகூட எட்டவில்லை. பெண்கள் அசையாமல் மண்டோரையே பார்த்தார்கள். இரண்டாம் தடவை சொன்னேன். மண்டோர் வேறு பக்கம் பார்த்துத் தொண்டையைச் செருமினார். பிறகு, துரையின் சத்தத்தைப் போலவே ஒரு சத்தம்: “போடு!”

மத்தியானம் ஆபீசுக்கு வந்தார். “எழுத்துல குடுத்துடுங்க ஐயா. நாளைக்கிக் கேள்வி வந்தா நான் நிக்கணும்.” கொடுத்தேன். அஞ்சலையின் பேரைத் திரும்பச் சேர்க்கும் உத்தரவையும் கூடவே வைத்தேன். அதைப் படித்தார். நீண்ட நேரம். “என் தலையக் குனிய வெச்சிட்டீங்க” என்றார்.

“என் தலையையும்தான்.”

இரண்டு தாளிலும் ‘உத்தரவுக்காக’ என்று எழுதவில்லை. பழக்கத்தில் ‘உ’ வரைக்கும் போய் அடித்தேன்.

7 ஜனவரி, செவ்வாய்

வேலை முடிந்து உஜோங் பாசிர் போனேன். அஞ்சலை உத்தரவை என்னையே படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“இத ஒரு மாசம் முன்ன எழுதியிருக்கக் கூடாதுங்களா?”

“எழுதியிருக்கலாம். பயந்தேன்.”

அவள் இதை எதிர்பார்க்கவில்லை போலும். தாளை வாங்கி மடித்தாள். “அறை?”

அறையை முதல் தேதியே ஆலைக்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கைக்குழந்தை இருக்கிறது. அவனை வெளியேற்ற முடியாது. சொன்னேன். தங்கச்சி உள்ளேயிருந்து ஏதோ திட்டினாள். என்னைத்தான்.

“ரெண்டு பஸ் மாறணும்” என்றாள் அஞ்சலை. “வர்றேன்.”

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். ஆபீஸ் விடுமுறை. நாள் முழுவதும் படுத்திருந்தேன்.

3 பிப்ரவரி, திங்கள்

புது மேனேஜர் வந்து ஐந்து நாளாகிறது. ஈப்போக்காரர், முப்பத்தைந்து வயது. இன்று எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். எங்களுக்கு உட்காரத் தெரியவில்லை. தொட்டி ஃபைலைப் பார்த்து, “இது யார் உத்தரவு?” என்றார்.

“என்னுடையது.”

“அந்தப் பெண் டிசம்பரிலேயே சொல்லியிருக்கிறாளே?”

“ஆமாம். தாமதமும் என்னுடையது.”

எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று பார்க்கவில்லை. அடுத்துக் காலியாகும் அறை அஞ்சலைக்கு என்று குறிப்பு வைத்திருக்கிறேன். எப்போது காலியாகும்? தெரியாது.

முன்னதாகக் காலையில் தொட்டிப் பக்கம் போனேன். இரண்டு பஸ் மாறி வந்தும் அஞ்சலைதான் முதல் ஆள். அன்று மண்டோர் கையில் விட்டுவந்த என் அடிக்கோல் அவள் இடுப்புச் செருகலில் இருந்தது. ஒவ்வொரு இடமாகக் குத்தி அளவைச் சொன்னாள். மண்டோர் அவள் முகத்தைப் பாராமல், அவள் சொன்னதைத் தீப்பெட்டி அட்டையில் குறித்துக்கொண்டார். கோலை அவள் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் பதிவேட்டில் ‘திருப்பிப் போட்டது’ என்று ஒரு புதுப் பத்தி சேர்த்தேன். கோலுக்குப் பதில் ஃபைல் அட்டையின் ஓரத்தை வைத்துக் கோடு இழுத்தேன். கொஞ்சம் கோணல். அழிக்காமல் விட்டுவிட்டேன்.