துணி எந்தப் பக்கம் ஆடுகிறது

நெஞ்சு இறுகும்போது அதற்குக் காரணம் காற்றா, கையிலிருக்கும் போனா? எனக்குத் தெரியவில்லை. நுரையீரலில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு காரணங்கள் எப்போதும் சேர்ந்தே வந்தால் எது எதைச் செய்தது என்று பிரிப்பது கடினம் என்று புள்ளியியல் வகுப்பில் வருடாவருடம் சொல்லிவருகிறேன். அந்தக் கணக்கு என் நெஞ்சுக்குள்ளேயே வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை.

இன்று மாலை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். மேல் வீட்டில் இருந்தபோது நீ கொடியில் மாட்டிவைத்த பச்சைக் கிளிப்புகள் இன்னும் இருக்கின்றன. வெயிலில் வெளுத்து, பச்சை என்று தெரிந்தவர்கள்தான் சொல்ல முடியும் என்ற நிலையில் இருக்கின்றன. ஒன்றை அழுத்தினேன், கையிலேயே உடைந்தது. அந்த நொடியில் கீழே வீட்டுக்குள் போன் ஒலித்தது. துணிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். போன் பேசாமல் கிடந்தது. எந்தச் செய்தியும் வந்திருக்கவில்லை. மொட்டை மாடியிலிருந்து அந்தச் சின்னச் சத்தம் கேட்டிருக்கவே முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. வராத சத்தத்துக்கு ஓடியிருக்கிறேன். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நம் தெருவுக்கான வாட்ஸ்அப் குழுவை நீதான் ஆரம்பித்தாய். ஒருநாள் விடியற்காலையில் கண் எரிந்து, தொண்டை கமறி, எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாமல் தெருவே வெளியில் வந்து நின்றதே, அதற்கு அடுத்த வாரம். திருவொற்றியூரில் இருப்பவர்களுக்கு மேற்கே மணலியின் எண்ணெய், உர ஆலைகள், வடக்கே எண்ணூர் ஆலைகள், கிழக்கே கடல். நாற்றம் வந்தால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்றாய். நல்ல எண்ணம்தான். என் அம்மாவுக்கு வீசிங் இருப்பதால் எல்லோருக்கும் முன்னால் சேர்ந்தவள் நான்.

அதன்பின் அந்த மதியம். "விஷவாயு, ஜன்னல்களை மூடுங்கள், மின்விசிறி போடாதீர்கள்" என்று குழுவில் யாரோ அனுப்பினார்கள். நான் எல்லாவற்றையும் மூடினேன். கதவு இடுக்கில் ஈரத்துணி வைத்தேன். அம்மாவின் முகத்தில் ஈரத் துண்டைக் கட்டி நானும் கட்டிக்கொண்டேன். வியர்வை ஊற்ற, இருட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்கு இழுப்பு ஆரம்பித்தது. அதைப் பார்த்து வாயு உள்ளே வந்துவிட்டது என்றே முடிவுகட்டினேன். நீ மேல் வீட்டிலிருந்து இறங்கி வந்து கதவைத் தட்டினாய். திறக்க மாட்டேன் என்றேன். "தொறடி" என்று நீ போட்ட அதட்டலில் திறந்தேன்.

எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு நீ சிரிக்கவில்லை. முதலில் அம்மாவின் துண்டை அவிழ்த்தாய். ஜன்னல்களைத் திறந்தாய். கடற்காற்று உள்ளே வந்து காலண்டரைத் தூக்கி அடித்தது. அம்மாவுக்கு மூச்சு சீரான பிறகுதான் என் பக்கம் திரும்பினாய்.

"மேல வந்து துணியப் பாருடி. எல்லாம் மணலி பக்கமா பறந்துகினு கீது. காத்து கடல்லேர்ந்து வரச்சொல்லோ மணலி நாத்தம் இன்னா, நீந்திகினா வரும்?"

அந்தச் செய்தி போன வருடத்தது. யாரோ யாருக்கோ அனுப்பி, ஊரெல்லாம் சுற்றி நம்மிடமே திரும்பி வந்திருந்தது. அம்மாவுக்கு இழுப்பு வந்தது வாயுவால் அல்ல, மூடிய ஜன்னலால்.

அன்று மாலையே குழுவில் உன் சட்டம் வந்தது. மாடிக்குப் போ, மோந்து பார், துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார், அதன்பின் எழுது. துணி கடல் பக்கம் ஆடினால் காற்று மணலியிலிருந்து வருகிறது, ஜாக்கிரதை. துணி மணலிப் பக்கம் ஆடினால் கடற்காற்று, கவலை இல்லை. கொஞ்ச நாளில் தெருவில் எல்லோரும் அந்த இரண்டு குறிப்புகளுக்குப் பழகிவிட்டார்கள். "துணி மணலி பக்கம்" என்று காலையில் ஒரு வரி வந்தால் போதும், நான் அம்மாவின் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்புவேன். வெளியூர்க்காரர் யாராவது அந்தக் குழுவைப் பார்த்தால் சலவைக்காரர்கள் சங்கம் என்று நினைத்திருப்பார்கள்.

நீ ஒன்றும் போனை வென்ற முனிவர் இல்லை. பழம் வெட்டும் விளையாட்டில் உட்கார்ந்தால் குழம்பு தீய்ந்தாலும் எழுந்திருக்க மாட்டாய். ஆனால் குழுவில் எத்தனை பேர் கத்தினாலும் நீ பதறி நான் பார்த்ததில்லை. எப்படி என்று கேட்டேன். ராயபுரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு கூட்டமா என்றாய். வண்டி வரும் நேரத்தில் ஜன்னலுக்குள் ஒரே சமயத்தில் பல கைகள் நீளும். நீ இடது கையை உயர்த்திக் காட்டுவாய், முன்னால் நிற்பவருக்கு டிக்கெட்டும் சில்லறையும் கொடுத்து முடிப்பாய், பிறகு கையை இறக்குவாய். "கூவுறவன்லாம் அவசரக்காரன் இல்லடி. நெஜமா அவசரம்னா கூவ மாட்டான், கதவைத் தட்டுவான்" என்றாய். எனக்கு அது அளவுக்கு மீறிய நம்பிக்கையாகப் பட்டது. இன்றும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நீ எங்கள் கதவைத் தட்டினாய் என்பது உண்மை.

நோய் முற்றி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நீ உன் போனில் எல்லாச் செய்திகளையும் நிறுத்திவிட்டாய். அழைப்பு மட்டும் வரும். ஜெபங்களும் பூப்படங்களும் வந்து குவிகின்றனவாம். பார்த்தால் ஆறுதலாக இருக்குமே என்றேன்.

"கொணமாயிடுன்னு நூறு பேரு சொல்றாங்கோ. ஆவலைன்னா நூறு பேருக்கு நான் பதில் சொல்லணும்டி. நீ வந்து உக்காரு, அது போதும்."

வந்து உட்கார்ந்தேன். நீ குணமாகவில்லை. யாருக்கும் பதில் சொல்லவும் இல்லை.

நீ போனபின் குழு என் கைக்கு வந்தது. நான் கேட்கவில்லை, மறுக்கவும் தெரியவில்லை. உன் சட்டம் மெல்ல மறந்துபோயிற்று. காலை வணக்கம், கேஸ் சிலிண்டர் வெடித்த வீடியோ, யாரோ ஒரு நிபுணரின் குரல், நடுவில் "நாத்தம் வருதா?" என்று ஒரு கேள்வி. அதை ஒருவர் கேட்டால் எல்லோருக்கும் நாற்றம் வந்துவிடுகிறது. சத்தத்தை அணைக்கலாம் என்றால், அணைத்த நேரத்தில் உண்மையாகவே ஏதாவது வந்து, அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால்? அந்த ஒரு கேள்விதான் போனை என் கையிலேயே ஒட்டவைத்தது. சமையலறையில், பேருந்தில், வகுப்பில் மேசைமேல் கவிழ்த்து வைத்தபடி.

வைத்தியங்களும் பார்த்தேன். காற்றின் தரம் சொல்லும் ஒரு செயலி போட்டேன். அதன் எண் நம் தெருவுடையதே அல்ல, எங்கோ தொலைவில் நிற்கும் கருவியுடையது. நாடித்துடிப்பைக் காட்டும் கடிகாரம் கட்டினேன். அதைப் பார்த்தாலே துடிப்பு ஏறியது. மனதை அமைதிப்படுத்தும் செயலி ஒன்று, மூச்சு விட நேரமாகிவிட்டது என்று மணியடித்து என்னைத் திடுக்கிட வைத்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். உனக்குச் சொன்னால் பத்து நாள் சிரிப்பாய்.

இன்று அந்தக் கிளிப் உடைந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். குழுவில் எழுதினேன்: மாடிக்குப் போய் மோந்து பார்த்தவர்கள் மட்டும் எழுதுங்கள், துணி எந்தப் பக்கம் என்று சேர்த்து எழுதுங்கள், வேறு எதுவும் வேண்டாம். உண்மையாக ஆபத்து என்றால் எழுதாதீர்கள், கூப்பிடுங்கள், அல்லது கதவைத் தட்டுங்கள். செய்திச் சத்தத்தை நான் அணைக்கிறேன். காலையும் மாலையும்தான் பார்ப்பேன்.

எதிர்பார்த்தது போலவே சண்டை வந்தது. முனை வீட்டு மெக்கானிக் அண்ணன், தினமும் ரோஜாப்பூப் படம் அனுப்புகிறவர், "டீச்சரு, இது தெருவா, காலேஜா?" என்று கேட்டார். காலேஜில் யாரும் நான் சொல்வதைக் கேட்பதில்லை, நீங்களாவது கேளுங்கள் என்று பதில் போட்டேன். இப்படி நான் பேசி நீ பார்த்திருக்க மாட்டாய். பிறகு சத்தத்தை அணைத்தேன். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இது சரி என்று தெரிந்தது.

உடைந்த கிளிப்பை எறியவில்லை. மீதியிருப்பவை கொடியிலேயே இருக்கட்டும். என்னிடம் நீ விட்டுப்போனது பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒரு வரிசை மட்டும்தான்: முதலில் மாடி, பிறகு மூக்கு, பிறகு துணி, கடைசியில் போன். அதை நம்பி இன்று படுக்கப் போகிறேன்.

*

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் அம்மாவுக்குக் காபி கலந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. செய்தி இல்லை, அழைப்பு. மெக்கானிக் அண்ணன். "டீச்சரு, மாடிலதான் நிக்கிறேன். நாத்தம் கீது. துணி கடல் பக்கமா ஆடுது. அம்மாவப் பாத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் மாடிக்குப் போனேன். நாற்றம் இருந்தது, லேசாக, அழுகிய முட்டை போல. உன் கிளிப்புகளில் தொங்கிய என் புடவை கடலைப் பார்த்து ஆடியது. இறங்கி வந்து மேற்கு ஜன்னல்களை மட்டும் மூடி, அம்மாவைக் கடல் பக்க அறைக்கு மாற்றி, மின்விசிறியைப் போட்டேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புகார் எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் குறித்துக்கொண்டார், அல்லது குறித்துக்கொண்டதாகச் சொன்னார். அம்மா காபி ஆறிவிட்டது என்று குறைப்பட்டாள். இழுப்பு வரவில்லை.

கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு, நடுப்பகலில் மறுபடி மாடிக்குப் போனேன். காற்று திரும்பியிருந்தது. புடவை மணலிப் பக்கம் பறந்தது. அடுத்த மாடியில் ஒருத்தி, அதற்கு அப்பால் மெக்கானிக் அண்ணன், இன்னும் தள்ளி முகம் தெரியாத யாரோ, எல்லோரும் தத்தம் கொடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் கையிலும் போன் இல்லை. அண்ணன் என்னைப் பார்த்து இடது கையை உயர்த்தி மணலிப் பக்கம் காட்டினார்.

நான் கீழே போய் ஜன்னல்களைத் திறந்தேன்.