பெட்டிகளின் நிறம்

செப். 9, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். குடை எடுக்கவில்லை, மாலை நனைந்தேன்.

டேட்டா விஷுவலைசேஷன் புராஜெக்ட் ஒருவழியாக முடிந்தது. காலை ரயில்களில் எந்தப் பெட்டியில் நெரிசல், எந்தப் பெட்டியில் உட்கார இடம் என்று நிறங்களால் காட்டும் படம். நானும் என் கிளாஸ் ரியாஸும் தாம்பரம் ஸ்டேஷனில் நின்று நின்று கணக்கெடுத்தது. கால் இன்னும் வலிக்கிறது.

வியாழன் நாவலூர் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் இன்டர்ன்ஷிப். டீமுக்கு ஒருவர்தான் பேச வேண்டும். ரியாஸ்தான். நான் நாலு பேரைப் பார்த்தாலே உளறுவேன்.

வாங்க வேண்டியவை: ஷாம்பு, அம்மாவுக்கு முழங்கால் தைலம், ரீசார்ஜ்.

செப். 10, புதன்

ரியாஸ் தீட்டிய படம் முழுக்க நீலமும் ஆரஞ்சும். ஏதோ பெயிண்ட் கடை போர்டு மாதிரி. நெரிசலுக்குச் சிவப்பு, காலிக்குப் பச்சை என்று மாற்றினேன். இப்போதுதான் பளிச்சென்று இருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை. நாளை பார்த்து அசந்து போகட்டும்.

செப். 11, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

முதல் கேள்வியே, "எந்தப் பெட்டியில இடம் இருக்கு, காட்டுங்க." ரியாஸ் திரையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கை வைத்தது நெரிசல் பெட்டியில். பின்னால் சிரிப்பு. கம்பெனி மேடம், "இது நீங்களே செஞ்சதாப்பா?" என்றார். "ஆமா மேடம்" என்றான். அவர் நம்பவில்லை.

கேன்டீனில் டீயை ஆறவிட்டான். அப்புறம் மெதுவாக, "எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும்டி."

"ஏன்டா சொல்லல?"

"எங்க அத்தாவோட எலக்ட்ரிக்கல் கடைல கலர் தெரியாம வயரை மாத்திக் குடுத்துட்டேன். அன்னிலேர்ந்து கடைப்பக்கமே விடல. வூட்டுக்கு யார் வந்தாலும் அதே கதைதான். இங்கயும் ஆரம்பிக்க வேணாம். யார்கிட்டயும் சொல்லாத."

சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன்.

போன மாதம்தான் சார் இதை நடத்தினார். இந்த இரண்டு நிறங்களையும் சேர்த்துப் போடாதீர்கள், சிலருக்குப் பிரித்தறிய வராது என்று. டெஸ்ட்டில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மார்க். யாரோ எங்கேயோ இருப்பார்கள் என்று நினைத்து எழுதிய பதில். பக்கத்து சீட்டில் இருப்பவனை நினைக்கவில்லை. என்ன பெண் நான்.

செப். 12, வெள்ளி

தூக்கம் இல்லை, தலைவலி. ஓடிப்போய் ரயிலைப் பிடித்தேன்.

சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நிறம் மாற்றியது நான்தான், அவனுக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கிக் கொடுங்கள் சார் என்று அழுதேன். சார் நல்லவர். உடனே கம்பெனிக்குப் போன் போட்டார். செவ்வாய் மறுபடி பார்க்கிறார்களாம். அப்பாடா.

செப். 15, திங்கள்

அப்பாடா என்று எழுதிய கையை என்ன செய்வது.

சார் கிளாஸில் எல்லார் முன்னாலும், "நம்ம ரியாஸுக்குக் கலர் பிரிச்சுப் பாக்க வராது. இனிமே எல்லாரும் அதுக்கேத்த மாதிரி செய்யணும், சரியா?" என்றார். நல்ல எண்ணத்தில்தான். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் தண்ணீர் பாட்டில் மூடியைத் தூக்கி, "மச்சான், இது இன்னா கலரு?" எல்லாரும் சிரித்தார்கள். ரியாஸும் சிரித்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெளியே வந்ததும் ஓடிப்போய், "நாளைக்கு மறுபடி கூப்பிட்டிருக்காங்கடா" என்றேன்.

"உன்கிட்ட என்ன கேட்டேன்?"

"சொல்லாதேன்னு."

"அது ஒண்ணுதானே கேட்டேன்."

ரயிலில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான்.

செப். 16, செவ்வாய்

தூறல். பாதி இட்லியோடு எழுந்துவிட்டேன். அம்மா, "காலேஜ்ல இன்னா சண்டை?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ரியாஸ் வரவில்லை. போன் ஆஃப்.

பதினொரு மணிக்கு சார் கூப்பிட்டார். "அவன் வரலைம்மா. அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க. ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுதானே, நீ வந்து பேசறியான்னு கேக்கறாங்க."

வேண்டாம் சார் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அரை மணி நேரம் டைம் கேட்டேன். முகம் கழுவி, தலையும் சீவிவிட்டேன்.